ஒன்பது கிலோமீட்டர் என்றுதான் வரைபடம் சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு எனக்கு ஆன செலவு 12,350 ரூபாய். புதுக் கண்ணாடி 6,800, ஆஸ்பத்திரி 4,650, வாடகைக் கார் 900. இது போக மார்ச் கடைசி வாரத்தில் இரண்டு நாள் லீவு. கணக்கு எழுதுகிறவன் மார்ச் கடைசியில் லீவு கேட்டால் மேனேஜர் முகம் எப்படி மாறும் என்று அந்த வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. சொல்ல ஆள் இல்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 47, சர்க்கரை உண்டு. வீடு சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில். டாக்டர் நடக்கச் சொல்லி இரண்டு வருஷமாக மொட்டை மாடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கச்சி பையன் இங்கிலாந்தில் இருக்கிறான். சனிக்கிழமையானால் அவன் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், காட்டுக்குள் நுழைந்து, கோதுமை வயல் ஓரமாக நடந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேருகிற மாதிரி ஒரு வட்டம் போடுவான். குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வரும். வேலிக் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், அடுத்தவர் நிலமாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு என்பான். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. நம்ம ஊரில் இல்லாத மலையா, இல்லாத ஏரியா என்று.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி போகிற வழியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி இரண்டு ராத்திரி உட்கார்ந்து பாதை போட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரை, அதன் முடிவில் கழனி வரப்பு, பிறகு மேட்டுக் கொல்லைகள், அங்கிருந்து காட்டோரமாக ஒரு வண்டிப்பாதை, அது மாந்தோப்புக்குள் இறங்கி மறுபடி பஸ் நிறுத்தம். ஒன்பது கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். தார் ரோட்டில் நடக்கிற கணக்கு அது. வரப்பிலும் கல் மேட்டிலும் முள்ளிலும் அதில் பாதி வேகம்கூட வராது என்று அப்போது தோன்றவில்லை.

பஸ் தாமதம். இறங்கும்போதே மணி 7.40. டீக்கடைக்காரர், "யார் வூட்டுக்கு சார்?" என்று கேட்டார். "சும்மா, நடக்க வந்தேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீயை ஆற்றினார். அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். போனை அவர் முன்னால் நீட்டி, "இப்படிப் போய் இப்படி வரலாம்னு இருக்கேன், பாதை இருக்குதாண்ணா?" என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. அந்தப் பக்கம் போக்குவரத்து எப்போதோ நின்றுபோயிற்று என்று சொல்லியிருப்பார் (அப்புறம் சொன்னார்). வீட்டிலும் "அமிர்தி பக்கம் போறேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அமிர்தி பக்கம் என்றால் எந்தப் பக்கம்? தேடுகிறவனுக்கு அது ஒரு விலாசமா? தனியாகப் போவதாக இருந்தால், எந்த ஊரில் இறங்குகிறீர்கள், எந்த வழியாகச் சுற்றுகிறீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்ற மூன்றையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் ஒரு மணி நேரம் அருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. கரை நெடுகப் பனைமரம், காய்ந்த பகுதியில் மாடுகள், நடுவில் கொக்குகள். மதகுக்குக் கீழே கழனியில் நெல் பால் பிடித்து நின்றது. அதைத் தாண்டினால் கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சில கொல்லைகளில் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள், செடியை உதறுகிற சத்தமும் ஈர மண் வாசனையும் வந்தன. சின்ன வயதில் தாத்தாவோடு ஏர் ஓட்டப் போன ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பிஸ்கட்டைத் தின்று, கொண்டுபோன ஒரே ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியைக் காலி செய்தேன். காலையில் வீட்டில் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டாயிற்று. டிபன் சாப்பிடவில்லை, வந்து சாப்பிடலாம் என்று இருந்தேன்.

கொல்லைகள் முடிகிற இடத்தில் வண்டிப்பாதை உன்னிச்செடிப் புதருக்குள் நுழைந்தது. படத்தில் அகலமாக, வெள்ளையாகத் தெரிந்த பாதை அது. நேரில் பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து போக வேண்டியிருந்தது, இருபதடிக்கு மேல் குனிந்தும் போக முடியவில்லை. அந்தப் படம் எந்த வருஷம், எந்த மாசம் எடுத்தது என்று நான் பார்க்கவே இல்லை. இங்கிலாந்தில் சட்டமும் அம்புக்குறியும் பாதையைக் காப்பாற்றுகின்றன. நம் காட்டோரப் பாதைகளை ஆடும் மாடும்தான் காப்பாற்றுகின்றன. மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டால் இரண்டு மழையில் உன்னியும் சூரைமுள்ளும் பாதையைத் தின்றுவிடும். வரைபடத்தில் மட்டும் அது இருந்துகொண்டே இருக்கும்.

மணி அப்போது 9.20. நாலு கிலோமீட்டர் வந்திருந்தேன். வந்த வழியே திரும்பியிருந்தால் பதினொன்றுக்குள் டீக்கடையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றிருப்பேன். ஏன் திரும்பவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து யோசித்தேன். போய்த் திரும்புகிற வழியாக இருந்தால், போக முடியவில்லை என்றதும் கால் தானாகத் திரும்பும். வட்டம் என்று மனசில் போட்டுவிட்டால் திரும்புவது என்ற ஒன்றே மனசில் இருப்பதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஊர்தான் என்று ஒரு மயக்கம். "நாலு வந்தாச்சு, இன்னும் அஞ்சுதானே" என்றுதான் மனசு சொல்லும். அந்த நாலு நான் நடந்து பார்த்த நாலு. மீதி அஞ்சு வெறும் படம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன். இப்போது கிளம்புவதற்கு முன்னாலேயே கையில் பேனாவால் ஒரு மணி எழுதிக்கொள்கிறேன். வட்டத்தில் பாதி தாண்டுவதற்கு முன் அந்த மணி வந்துவிட்டால், பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டும். வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். உன்னிப் புதரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினால், பத்துப் பதினைந்தடி அகலத்தில் சுத்தமாகச் செதுக்கி விட்ட மாதிரி ஒரு பாதை நேராகப் போயிற்று. இதுதான் வழி, நடுவில்தான் புதர் மண்டியிருக்கிறது என்று முடிவு செய்து அதில் ஏறிவிட்டேன். ஓரத்தில் ஒரு எல்லைக்கல் இருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. அது பாதையே இல்லை. காட்டுத்தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டாமல் இருக்க, கோடைக்கு முன்னால் செடியையும் சருகையும் அகற்றி வனத்துறை விடுகிற தீத்தடுப்புக் கோடு. அது எந்த ஊருக்கும் போகாது. மனிதன் போட்ட பாதை மேட்டைக் கண்டால் வளையும், பாறையைச் சுற்றும். இது மேடு பள்ளம் பார்க்காமல் நேராகப் போகும். அந்த ஒரு அடையாளம் தெரிந்திருந்தால் போதும், நான் ஏறியிருக்க மாட்டேன்.

ஏறிக்கொண்டிருக்கும்போது வலது கால் பொத் பொத்தென்று அடித்தது. குனிந்து பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. இன்னும் நூறடியில் முழுசாகக் கழன்று விழுந்தது, இடது காலும் அதே வழி. ஷூக்குத் தோல் கொடுக்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு அவமானம். ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கி, நாலு தடவை போட்டு, பெட்டியோடு பீரோ மேல் வைத்திருந்தது. மேலே பார்க்கப் புதுசு. அடிப்பாகத்தை விரலால் கிள்ளினால் பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. எங்கள் கம்பெனி டெக்னீஷியன் பிற்பாடு சொன்னார், அந்த மாதிரி பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலிருக்கும் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும், போடாமல் மூடி வைத்தால் தப்பிக்கும் என்பதெல்லாம் இல்லை என்று. பழைய ஷூவை எடுத்தால் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு வாரம் தெருவில் போட்டு நடந்து பாருங்கள், அப்புறம் காட்டுக்குப் போங்கள்.

துண்டைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தேன். குறுக்கே ஒரு கானாறு, காய்ந்துபோய் உருண்டைக் கல்லாகக் கிடந்தது. அதில் இறங்கும்போது சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, அது பெரிசில்லை. கண்ணாடி தெறித்துக் கல்லிடுக்கில் விழுந்து ஒரு பக்கம் நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தூரத்தில் தெரிந்ததெல்லாம் பச்சையும் பழுப்பும்தான். போனை எடுத்தேன். டவர் இல்லை. வெயிலில் சட்டைப் பையில் கொதித்துப்போய் இருந்தது, சூடு குறையும் வரை வேலை செய்யாது என்று காட்டிவிட்டு அணைந்துவிட்டது. தண்ணீர் அதற்குள் தீர்ந்திருந்தது. மணி 11 ஆகியிருக்கும்.

போனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாது. டவர் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கிற இடத்தைப் போன் காட்டும், ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது. படம் இறங்காததால்தான் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தப் பகுதிப் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டிலும் வழி தெரியும். டவர் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும், விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அதிலும் ஓடும். பையில் துணிக்குள் சுற்றி வையுங்கள், வெயில் படக் கூடாது. ஆபத்தென்றால் 112 போட்டுப் பாருங்கள், உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அது போகும்.

கானாற்று ஓரத்தில் ஒரு புற்று உடைந்து கிடந்தது. உள்மண் இன்னும் ஈரமாக, சிவப்பாக இருந்தது. கரடி கறையானுக்காகப் புற்றைத் தோண்டும் என்று தெரியும், ஜவ்வாது மலையில் கரடி உண்டு என்றும் தெரியும். அந்த ஈர மண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது. மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை முடிகிறது என்று ஏனோ திரும்பத் திரும்ப நினைத்தேன். தலை விண் விண்ணென்று தெறித்தது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, அந்த வெயிலிலும் கை மயிர் சிலிர்த்தது. கை நடுங்கியது. அது பயம் என்று நினைத்தேன். பாதி சர்க்கரை இறங்கியது என்று டாக்டர் பிறகு சொன்னார். சாப்பிடாமல் மாத்திரை போட்டுவிட்டு மூன்று மணி நேரம் நடந்தால் இறங்காமல் என்ன செய்யும். பிரஷர் மாத்திரையிலும் நீரை வெளியேற்றுகிற வகை உண்டாம், அதை விழுங்கிவிட்டு வெயிலில் வேர்த்தால் உடம்பு இரட்டையாக வற்றும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீண்ட நடைக்குப் போவதாக இருந்தால் முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். பையில் கொஞ்சம் வெல்லம் அல்லது குளுக்கோஸ், இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. கூட வருகிறவர் வெயிலில் உளற ஆரம்பித்தாலோ, உடம்பு அனலாகிக் குழம்பிப் போனாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் போட்டு, துணியை நனைத்துப் போர்த்தி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது தாத்தாவின் ஒரு வார்த்தைதான். "கானாறு எங்க போவும்? ஏரிக்குத்தான் போவும்" என்பார். எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் அப்படி வெட்டியவைதான், மலையிலிருந்து வருகிற ஓடைகளைப் பிடித்து வைக்க. பெரிய மலையில் இந்த யோசனை ஆகாது, ஓடை நேராக அருவியில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். அடிவாரத்துக்கு அருகில் இருந்ததால் எனக்குப் பலித்தது. நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து, மணலிலேயே இறங்கினேன். ஒரு மணி நேரமா இரண்டா தெரியாது. கடைசியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

கரையேறி, சத்தம் வந்த பக்கம் பச்சையாகத் தெரிந்த கொல்லைக்குள் கால் வைக்கப் போனேன். "நில்லு! அங்கியே நில்லு! கம்பி!" என்று ஒரு குரல். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கெண்டைக்கால் உயரத்தில், குச்சி குச்சியாக நட்டு, ஒற்றைக் கட்டுக்கம்பி ஒன்று கொல்லையைச் சுற்றி ஓடியது. காட்டுப்பன்றிக்கு. ஒரு ஆயா, எழுபது எழுபத்தைந்து வயசு இருக்கும், குச்சியால் கம்பியை அமுக்கிப் பிடித்து என்னைத் தாண்ட வைத்தாள். "காத்தாலயே கரண்ட்டைப் புடுங்கிட்டான் பையன். ஆனா ஒரொரு நாள் மறந்துட்டும் பூடுவான். இருட்டுல வந்திருந்தியானா..." என்று நிறுத்திவிட்டாள். லைனிலிருந்து நேராக மின்சாரத்தை எடுத்து வேலிக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், அதில் மனிதர்களும் யானைகளும் சாகிறார்கள். ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் மல்லாட்டைக் கொல்லையை உழுதுவிட்டுப் போவதும் உண்மை. எனக்கு அந்த ஆயாவைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான். காட்டோரக் கொல்லையில், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு, குறுக்கு வழி என்று நுழையவே நுழையாதீர்கள். வெளியிலிருந்து குரல் கொடுங்கள், ஆள் வந்து கூட்டிப்போனால் போங்கள்.

"இன்னா நைனா, காத்தால கஞ்சி கூட குடிக்காம வந்துட்டியா?" என்று மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார வைத்தாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள். கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சொம்போடு கொடுத்தாள், கடித்துக்கொள்ள வெங்காயம். மடமடவென்று குடிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சங் கொஞ்சமா" என்றாள். மகன் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டாள். சும்மா சுற்றிப் பார்க்க என்றேன். "காட்டுல இன்னா கீது சுத்திப் பாக்க?" என்றாள். பதில் இல்லை.

ஊருக்குள் வரும்போது வனக்காவலர் ஒருவர் டீக்கடையில் இருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் விசாரித்தார். தீக்கோட்டில் ஏறியதைச் சொன்னேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம் சார், அதுவும் தீப்பிடிக்கிற காலம், சந்தனமும் செம்மரமும் வெட்டுகிறவர்களைத் தேடி நாங்கள் ராத்திரி பகலாக அலைகிறோம், உங்களை எப்படி நினைப்பது என்றார். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் செத்தது ஞாபகம் இல்லையா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்ததும், தீ அபாயக் காலத்தில் அதையே நிறுத்தி வைப்பதும். பேர், விலாசம் எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார். அபராதம் போட்டிருந்தாலும் கட்டத்தான் வேண்டும். ஏரிக்கரை, கழனிப் பக்கம் நடப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காட்டுக்குள் போக ஆசை என்றால் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப் போகிற பாதைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, 2024 முதல் ஆன்லைனில் பதிவு செய்யலாம். எனக்கு ஆன செலவோடு பார்த்தால் அதற்குக் கொடுக்கிற பணம் குறைவுதான்.

அன்றைக்கு சாயங்காலம் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தப் பரிசோதனை, மறுநாள் திரும்ப ஒரு தடவை. வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தங்கச்சி பையன் மட்டும் போன் செய்து, "மாமா, இங்க போறப்பவே நாங்க மூணு பேரா போவோம், மழைக்கோட்டு, மேப்பு, விசில் எல்லாம் வச்சிருப்போம்" என்றான். அதெல்லாம் படத்தில் வரவில்லையேடா என்றேன்.

ஏப்ரல் நடுவில் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மல்லாட்டை பிடுங்கி முடிந்து கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. கம்பியைச் சுருட்டிக் கொட்டாய்க் கதவில் மாட்டியிருந்தார்கள். ஆயா செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடந்தா வந்த?" என்று கேட்டாள். "இல்ல ஆயா, ஏரிக்கரை வரைக்கும் பஸ்ஸு, அப்புறம் டீக்கடைக்காரரு வண்டியில கொண்டாந்து வுட்டாரு" என்றேன். உள்ளே போய் ஒரு படி மல்லாட்டையை அளந்து பையில் போட்டாள், அப்புறம் கையால் இன்னும் ரெண்டு வாரி.